நாடி எண்பது

பகல் இரண்டு மணிக்கு முறை மாறும்போது சரோஜா சிஸ்டர் வார்டை ஒப்படைக்கும் அழகே தனி. ஒரு கையால் தலைத் தொப்பியின் ஊசியைக் கழற்றிக்கொண்டே, மறு கையால் படுக்கைகளைக் காட்டிக்கொண்டு வேகமாக நடப்பார். பின்னால் வருகிறவள்தான் ஓட வேண்டும்.

“ஒண்ணுலேர்ந்து எட்டு வரிக்கும் பழைய ஆளுங்க. ஒம்பது இன்னிக்கு வூட்டுக்குப் போவுது. பத்து வலி வலின்னு கத்தும், கத்தட்டும். பன்னெண்டு புதுசு. லாரிக் கதவு இடிச்சு விலாவுல அடி. பேசாம படுத்துக்கினு கீறாரு. நல்ல பேஷண்டு.”

நல்ல பேஷண்ட் என்றால் கூப்பிடாதவர் என்று பொருள். அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரிந்த பொருள்தான்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில், ஓர் அறக்கட்டளை நடத்திய இருபத்தெட்டுப் படுக்கை மருத்துவமனை அது. ஊர்க்காரர்கள் ‘ரோட்டாஸ்பத்திரி’ என்பார்கள். பெரிய வைத்தியம் எதுவென்றாலும் மெட்ராஸ்தான். அதற்கு ஒரே ஒரு வேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் வருடம், ஆடி மாதம்.

அம்சவல்லி அங்கே நர்ஸாகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வல்லக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். செங்கல்பட்டில் மூன்று வருடம் படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவள். நாடி எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, மார்பில் குத்திய கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முதல் வாரம் அப்படித்தான் எண்ணினாள். இரண்டாம் வாரம் சரோஜா சிஸ்டர் அவளைத் தனியே அழைத்து, “ஒவ்வொருத்தர் கையையும் ஒரு நிமிஷம் புடிச்சிக்கினு நின்னா ஊசி யார் போடறது, கட்டு யார் கட்டறது? ஆளைப் பாரு. மூஞ்சி நல்லா கீதா? மேல இன்னா எழுதியிருக்குதோ அதையே கீழ எழுது,” என்றார்.

சரோஜா சிஸ்டர் கொடுமைக்காரி அல்ல. பதினான்கு வருடம் தனியாளாக வார்டைத் தாங்கிய பெண்மணி. இப்படிச் செய்தும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதே அவர் கையில் இருந்த நியாயம். எதுவும் ஆகாத வரைக்கும் எல்லாத் தவறுகளுக்கும் அதே நியாயம்தான்.

பன்னிரண்டாம் படுக்கைக்காரர் பெயர் நடேசன். ஏரிக்கரையில் மண் அள்ளும் லாரியில் வேலை. காலையில் பின்கதவின் கொக்கி விட்டுப்போய், பலகை வீசி வந்து இடது விலாவில் அடித்திருந்தது. டாக்டர் தாண்டவராயன் ஒரு மணிக்கு வந்து தாமே நாடியை எண்ணி எண்பது என்று எழுதினார். அதன் கீழே பெரிய எழுத்தில் குறிப்பும் எழுதினார்: மணிக்கு ஒரு தரம் நாடி எண்ணவும், நூறைத் தாண்டினால் உடனே தெரிவிக்கவும். உள்ளே ரத்தம் கசிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது நாடிதான்.

அம்சவல்லி அந்தக் குறிப்பைப் படித்தாள். இரண்டு மணிக்கு எண்பது என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அவள் உட்காரவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிணற்றில் விழுந்த பிள்ளைக்குத் தலையில் தையல். நான்காம் படுக்கைக்கு வாந்தி. பிரசவ அறையில் பாப்பம்மாள் என்ற பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டு, ஆயா இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் படுக்கை சொன்னபடியே கத்தியது. மூன்று மணிக்குப் பன்னிரண்டாம் படுக்கையின் காலடியில் வந்து நின்றபோது, இனி இந்தப் பக்கம் வர நேரம் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. தொங்கிய அட்டையை எடுத்து மூன்று மணி எண்பது, நான்கு மணி எண்பது, ஐந்து மணி எண்பது, ஆறு மணி எண்பது என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். வராத மணிக்கும் அவள் நாடி பார்த்துவிட்டாள்.

கட்டிலுக்குக் கீழே தரையில் நடேசனின் மனைவி கிளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். “எப்டி கீது சிஸ்டரம்மா?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்கு. எண்பது. பயப்படாதீங்கக்கா.”

கிளியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அம்சவல்லி பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

நாலேகால் மணிக்கு டாக்டர் தாண்டவராயன் வார்டு வாசலில் வந்து நின்றார். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம். காஞ்சிபுரத்தில் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். வெளியே வேன் தயாராக நின்றது. அவர் மனைவி பட்டுப் புடவையில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாயிற்று. வார விடுமுறைக்கு ஊருக்குப் போகும் சரோஜா சிஸ்டரும் அதே வண்டியில் ஏறிக்கொள்ளப் பையோடு நின்றிருந்தார்.

“பன்னெண்டு எப்படி இருக்கார்?” என்றார் டாக்டர்.

அம்சவல்லி அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். “எண்பதுதான் டாக்டர். மாறவே இல்ல.”

அவள் கட்டைவிரல் கடைசி இரண்டு வரிகளின் மேல் இருந்தது. தற்செயலாக அங்கே இருந்ததாகத்தான் அவள் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். டாக்டர் அட்டையைப் பார்த்தார், தூரத்திலிருந்தே நடேசனையும் பார்த்தார். நடேசன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். “குட். காலையில வந்துடுவேன்,” என்று டாக்டர் திரும்பி நடந்தார்.

அட்டையை மாட்டப் போனபோது கிளியம்மாள் எழுந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா சிஸ்டரம்மா? அடி பட்டது விலாவுல. அது இன்னாமோ தோள்பட்டை வலிக்குதுன்னு சொல்லுது. தண்ணி தண்ணின்னு கேக்குது. நீ குடுக்கக் கூடாதுன்னு சொன்னதால நான் குடுக்கல.”

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு ரெண்டரைலேர்ந்தே அப்டித்தான் கீது.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னாக்கா?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வந்து எழுதின. எம்மா நேரம் எழுதின! இவ்ளோ பாத்துக்கினு எழுதுதே, நாம இன்னா பெருசா சொல்லப் போறோம்னு வாய மூடிக்கினேன். எனுக்குப் படிக்கத் தெரியாது. நீ எழுதறப்ப ஒரு தெம்பா இருந்துது.”

அம்சவல்லி நெடுநேரம் எழுதினாளே, அது நான்கு பொய்யை வரிசையாக எழுதிய நேரம்.

நடேசனின் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது, ஈரமாக இருந்தது. மூன்று விரலை வைத்தாள். நாடி கிடைக்கவே சற்று நேரமானது. கிடைத்ததும் அது விரலுக்கடியில் நூல் போல ஓடியது. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள். நூற்று இருபத்தெட்டு.

அட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பியிருந்தார். வாசல் கேட்டை மறித்துக்கொண்டு நின்று, “டாக்டர், பன்னெண்டுக்கு நூத்தி இருபத்தெட்டு!” என்று கத்தினாள்.

தாண்டவராயன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். “நாலு மணிக்கு எண்பதுன்னு காட்டினீங்களே.”

“ஆமா டாக்டர்.”

“அரைமணி நேரத்துல இவ்வளவு ஏறாதும்மா. மூணு மணி நேரம் மாறாம இருந்திருக்கு. வலியில ஏறியிருக்கும், இல்லன்னா பயத்துல. வலிக்கு ஊசி போடுங்க. அரைமணி கழிச்சு மறுபடி எண்ணுங்க. குறையலன்னா காஞ்சிபுரத்துக்குப் போன் போடச் சொல்லுங்க.”

அட்டையை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறு இல்லை. அவர் அந்த மூன்று எண்பதுகளை நம்பிப் பேசினார். உள்ளே உயிர் கசிந்துகொண்டிருந்த மனிதருக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் குறுக்கே நின்றவை அவள் எழுதிய எண்கள்தான். அவற்றை அழிக்க அவளால் மட்டும்தான் முடியும்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்தே சரோஜா சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. வண்டிக்குள்ளிருந்து கண்ணைக் காட்டினார். சொல்லாதே. சொன்னால் உன் வேலையோடு போகாது, என் வேலையும் போகும் என்று அந்தக் கண் சொன்னது.

அம்சவல்லிக்கு வேலை போவதென்றால் என்னவென்று தெரியும். மழை பொய்த்துப் போன நிலம், அண்ணன் ஒருவன் சம்பாத்தியம், கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீடு, நர்ஸ் படிப்பே வேண்டாம் என்ற சித்தப்பா, எல்லாம் ஒரு கணத்தில் வந்து போயின. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

“டாக்டர், அந்த எண்பது பொய். நான் எண்ணவே இல்ல.”

“என்னது?”

“ரெண்டு மணிலேர்ந்து கையத் தொடவே இல்ல டாக்டர். நீங்க எழுதினதப் பாத்து எழுதினேன்.”

“பயத்துல ஏதோ உளறுது டாக்டர்,” என்று குறுக்கே வந்தார் சரோஜா சிஸ்டர். “அதெல்லாம் எண்ணித்தான் எழுதியிருக்கும். நல்ல பொண்ணு.” காப்பாற்றத்தான் சொன்னார், பாவம்.

அம்சவல்லி அட்டையைத் திருப்பிக் காட்டினாள். இந்த முறை கட்டைவிரலை எடுத்துவிட்டாள். “இப்ப மணி நாலரைகூட ஆகல டாக்டர். அஞ்சு மணிக்கும் ஆறு மணிக்கும் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க.”

தாண்டவராயன் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்த வேகத்தில் அடித்துவிடுவாரோ என்று டிரைவர் பயந்துபோனார். ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வார்டுக்கு ஓடினார். நடேசனின் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றில் கை வைத்தார், தோள்பட்டை வலியைப் பற்றிக் கிளியம்மாளிடம் கேட்டார். “மண்ணீரல் கிழிஞ்சிருக்கு,” என்றார். “மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். இந்த நிமிஷம்.”

அவர் மனைவி யாரும் சொல்லாமலே வண்டியிலிருந்து இறங்கி, பட்டுப் புடவையோடு வெளிநோயாளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சரோஜா சிஸ்டர் பையை வைத்துவிட்டு மறுபடி தொப்பியைக் குத்திக்கொண்டு வார்டுக்குள் போனார். பிரசவ அறையில் பாப்பம்மாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளே!

வேனில் நடேசனைக் கிடத்தி, கால்மாட்டை உயர்த்தி, சலைன் பாட்டிலை மேலே கட்டினார்கள். டாக்டர் ஒரு பக்கம், கிளியம்மாள் ஒரு பக்கம். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அம்சவல்லி கீழே மண்டியிட்டிருந்தாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எண்ணி எழுதினாள். நூற்று முப்பது. நூற்று முப்பத்திரண்டு. வண்டி குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டது. முன்பு எழுதிய எண்பதுகள் எவ்வளவு அழகாக இருந்தன!

படப்பை தாண்டியதும் கிளியம்மாள் கேட்டாள். “இப்ப இன்னா எழுதின?”

அம்சவல்லி தலை நிமிர்ந்தாள். “நூத்தி முப்பத்தாறுக்கா. மோசமாத்தான் இருக்கு.” விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமலே, “மத்தியானம் எண்பதுன்னு உங்ககிட்ட சொன்னேனே, அது எண்ணாம சொன்னது. தப்பு பண்ணிட்டேன்க்கா,” என்றாள்.

கிளியம்மாள் அவளையே பார்த்தாள். திட்டவில்லை. அழவும் இல்லை. முகத்தைத் திருப்பிக் கணவன் காலைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் அம்சவல்லிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் அன்று மாலையே அறுவை செய்தார்கள். ஊரிலிருந்து லாரியில் வந்த நாலு பேர் ரத்தம் கொடுத்தார்கள். வெளியே வந்த இளம் டாக்டர், “நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க, பிழைச்சுக்குவார்,” என்று அம்சவல்லியைப் பாராட்டிவிட்டுப் போனார். அவளுக்கு அது கன்னத்தில் விட்ட அறையாக இருந்தது. நல்ல நேரம் இரண்டரை மணிக்கே வந்திருந்தது. அவள் அதை வாசலில் நிற்க வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அறக்கட்டளைச் செயலாளர் முன்னால் விசாரணை நடந்தது. வேலையை விட்டே எடுக்க வேண்டும் என்றார் செயலாளர். தாண்டவராயன் மறுத்தார்.

“பொய் எழுதினதுக்கு ஒரு மாசம் வெளியில இருக்கட்டும். வேலை போனாலும் பரவாயில்லைன்னு ஒத்துக்கிட்டாங்களே, அந்த நர்ஸ் எனக்குத் திரும்பி வேணும். அன்னிக்கு நானும் வாசல்லேயே நின்னேன் சார். உள்ள போய் அவர் கையை ஒரு தரம் தொட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். அப்புறம் இருபத்தெட்டுப் பேருக்கு ஒரு நர்ஸுங்கிறது நம்ம எல்லாரும் சேர்ந்து எழுதின பொய். மத்தியானத்துக்கு இன்னொருத்தரைப் போடுங்க.”

அந்த ஒரு மாதம் அம்சவல்லி வீட்டில் இருந்தாள். அண்ணன் கோதண்டராமன் மறைமலை நகர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இயந்திர உதிரிப் பாகம் செய்யும் லைனில் வேலை பார்த்தான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட உட்கார்ந்தவன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“ஏம்மா, வாய மூடிக்கினு இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது? பொய் எழுதாதவன் எவன் கீறான்? எங்க லைன்ல பத்துல ஒண்ணைத்தான் அளப்போம். மத்த ஒம்பதுக்கும் அதே அளவை எழுதிடுவோம். சூப்பர்வைசருக்கே தெரியும். வேலைன்னா அப்டி இப்டித்தான்.”

“அளவு தப்பா இருந்தா?”

“ரிஜெக்ட்னு திரும்பி வரும். தனியாத் தெரியக் கரி பூசி மூலையில போட்டுட்டு வேற பண்ணிக் குடுப்போம்.”

“எனக்குத் திரும்பி வராதுண்ணா,” என்றாள் அம்சவல்லி. சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “நானும் உன்னை மாதிரிதான் நினைச்சேன். ஊசி போடறது, கட்டு கட்டறது, ஷிஃப்ட் முடிஞ்சா வீடு. கை வேலை எல்லாம் நல்லாத்தான் செஞ்சேன். அது மட்டும் நர்ஸ் இல்லண்ணா. அந்தக்காவுக்குப் புருஷன் சாகப் போறார்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆனா நான் எழுதிட்டேன்னு பேசாம இருந்துடுச்சு. என்னை நம்பி ஒருத்தர் தன் கண்ணையே நம்பாம இருக்காங்க. அந்த நம்பிக்கைக்கு நான் பதில் சொல்லியாகணும். யாரும் பார்க்காதப்பவும் சொல்லணும், வேலையே போனாலும் சொல்லணும். அது இருந்தாத்தான் இது தொழில். இல்லன்னா வெள்ளைப் புடவை கட்டின கூலி வேலை.”

கோதண்டராமன் சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்தான்.

மாதம் முடிந்து அவள் திரும்பிய அன்று, பகல் இரண்டு மணிக்குச் சரோஜா சிஸ்டர் வார்டை ஒப்படைத்தார். முகத்தை மூன்று முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒப்படைத்தார். “ஒண்ணு, எழுபத்தி ஆறு. ரெண்டு, எண்பத்தி நாலு. மூணு, தொண்ணூறு, கொஞ்சம் பாத்துக்கோ. எல்லாம் நானே எண்ணினது. உன்னால என் ரெண்டு மணி பஸ்ஸு தினிக்கும் போவுது,” என்றார். பன்னிரண்டாம் படுக்கை வந்ததும் சற்று நின்று, “பதினாலு வருசத்துல எத்தினி பேரோ, நெனச்சாலே பக்குங்குது,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

நான்கு மணி வாக்கில் கிளியம்மாள் வந்தாள். தையல் ஆறியதைக் காட்ட நடேசனைக் கூட்டிவந்திருந்தாள். மெலிந்திருந்தார், ஆனால் நடந்தே வந்திருந்தார். அம்சவல்லிக்கு அவளை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

கிளியம்மாள் கணவனின் வலது கையைப் பிடித்து அவள் பக்கம் நீட்டினாள். அம்சவல்லி விரலை வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள்.

“இன்னா வந்துது?” என்று கேட்டாள் கிளியம்மாள்.

“எண்பதுக்கா.”

“எண்ணினியா?”

“எண்ணினேன்.”

“அப்ப எழுது,” என்றாள் கிளியம்மாள். “உன்மேல எனுக்குக் கோவம் இருந்துது தாயி, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு நீயே வாயத் தொறந்து சொன்ன, அதான் இது நடந்து வந்துகினு கீது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. தெரியலன்னா தெரியலன்னு எழுது, முடியலன்னா முடியலன்னு எழுது. பாக்காம மட்டும் எழுதாத. படிக்கத் தெரியாத ஜனம் நாங்க, நீ எழுதறதுலதான் உசுர வெச்சிக்கினு கீறோம்.”

அம்சவல்லி அட்டையில் எண்பது என்று எழுதினாள். நின்றபடியே எழுதியதில் எழுத்து கோணலாகத்தான் வந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டாள்.